தாமரை போட்ட கிராமபோன்

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தெட்டு. காரைக்குடியில் பழைய கிராமபோன் சேர்க்கிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குரு ரெஜினா அசல் என்றால் அசல், அவ்வளவுதான்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாச்சியப்பன் அவரிடம் கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே கேட்டார்.

"டீச்சர், அலமாரி மாதிரி நிக்குமே, கதவைத் திறந்தா உள்ளேருந்து பாட்டு வருமே, அந்த கிராமபோன்ல அசல் எது, போலி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ரெஜினா கொஞ்சம் பஞ்சை எடுத்து நீட்டினார்.

"காதுல வைங்க."

"பாட்டுப் பெட்டி பாக்கப் போறதுக்கா?"

"விக்கிறவங்க எல்லாரும் ஒரு கதை வச்சிருப்பாங்க. ஜமீன் வீட்டுச் சாமான்னுவாங்க, துரை பங்களாவுல இருந்துச்சும்பாங்க. கதையக் கேட்டா கண்ணு தெரியாது. பெட்டிய மட்டும் பாருங்க."

நாச்சியப்பனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தார். மரம், திருகாணி, சாவி கொடுக்கிற மோட்டார், ஊசி மாட்டுகிற சவுண்ட் பாக்ஸ் என்று உற்று உற்றுப் பார்த்தார். சட்டைப் பையில் பஞ்சு இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார்.

ஒரு நாள் அந்தக் கண்ணைத் தன் வீட்டுக்குள்ளேயே திருப்பினார். கூடத்தில் நின்றது மனைவி உமையாளுக்கு அவர் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த கிராமபோன். மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் சீமைச் சரக்கு. பெட்டியோ உள்ளூர் வேங்கை மரம். போதாததற்குக் கதவு இரண்டிலும் தாமரை. எந்தச் சீமைக் கம்பெனிக்காரன் தாமரை செதுக்கினான்?

"உமையா, உங்க அப்பச்சிய யாரோ நல்லா ஏமாத்திட்டான். இது போலி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அன்றோடு உமையாள் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு வரும், காபி வரும், வார்த்தை மட்டும் வராது. உள்ளதைச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று மனிதருக்கு ஒன்றும் ஓடவில்லை. இனிமேல் இப்படியேதான் இருந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. நேரே குருவிடம் ஓடினார்.

"நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க டீச்சர். நான் தப்புன்னா மன்னிப்புக் கேட்டுடறேன். சரின்னா அவ பேசியாகணும்."

ரெஜினா வந்தார். கதவைத் திறந்தார், மரத்தைத் தட்டினார், சாவியைச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்க பாத்தது சரிதான். பெட்டி கம்பெனிப் பெட்டி இல்ல."

நாச்சியப்பன் அடுப்படிப் பக்கம் வெற்றியோடு பார்த்தார். ரெஜினாவும் அந்தப் பக்கம்தான் திரும்பினார்.

"ஆச்சி, இந்தப் பெட்டியோட கதையச் சொல்லுங்களேன்."

நாச்சியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையா? பழக்க தோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போனது.

உமையாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். கணவரைப் பார்க்காமல் ரெஜினாவிடம் சொன்னார்.

"யுத்தத்துல ரங்கூன்ல குண்டு போட்டப்ப அப்பச்சி நடந்தே வந்தாக. அம்புட்டுப் பெரிய பெட்டியத் தூக்க முடியுமா? மோட்டாரையும் சவுண்ட் பாக்ஸையும் கழட்டி, வேட்டியில முடிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டாக. சோத்துப் பானையக்கூட வழியில போட்டுட்டாக, இத விடல. ஆத்தாவுக்குப் பாட்டுன்னா உசுரு. இங்க வந்து ஆசாரிகிட்ட பெட்டி செய்யச் சொன்னாக. அவரு பூசை அலமாரி செஞ்சே பழகுன ஆளு. தாமரை போட்டுட்டாரு."

நாச்சியப்பன் மனைவி பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷத்துல இத ஏன் என்கிட்ட சொல்லல?"

உமையாள் ரெஜினாவிடமே பதில் சொன்னார்.

"கேட்டாத்தானம்மா."

நாச்சியப்பன் குழம்பிப்போய்க் குருவைப் பார்த்தார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பையிலிருந்த பஞ்சை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"கதையக் கேக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வாங்கப் போற வீட்டுல சொன்னேன்" என்றார் ரெஜினா. "இது நீங்க வாழற வீடு."