வெள்ளைச்சி மஞ்சளான கதை

மீனும் மண்ணும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், ஒரு குளத்துப் பாறையில் வெள்ளைச்சி குடியிருந்தாள். டைட்டானியம் ஆக்சைடு குலம். கண்ணுக்கே தெரியாத பொடி. டைட்டானியமும் ஆக்சிஜனும் இடைவெளி விடாமல் கைகோத்து உட்கார்ந்திருப்பது அவர்கள் வழக்கம். வேற்றாளைச் சேர்க்கவே மாட்டார்கள். அதில் அப்படியொரு பெருமை!

வெயிலை வாங்கித் தண்ணீரின் அழுக்கை எரிப்பது வெள்ளைச்சியின் வேலை. ஆனால் அவளுக்குள் ஒரு மதில் இருந்தது. அதைத் தாண்டும் தெம்பு, ஊதாவுக்கும் அப்பால் உள்ள முரட்டுக் கதிருக்கு மட்டும்தான். வெயிலில் அது கொஞ்சமே கொஞ்சம். நீலக் கதிர் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

அந்த வருஷம் மேகமூட்டம் விலகவில்லை; வந்துகொண்டிருந்த கொஞ்ச முரட்டுக் கதிரும் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துக் குளத்தில் சாயப்பட்டறையின் கழிவுத் தண்ணீர் இறங்கியது.

"அக்கா, குஞ்சுகளுக்கு மூச்சு முட்டுது," என்றது அயிரை மீன். "இன்னும் ரெண்டு நாள் தாங்காது."

மூட்டத்தைத் தாண்டி வந்து முட்டித் திரும்பும் நீலக் கதிரை வெள்ளைச்சி பார்த்தாள். இவ்வளவு வெளிச்சமும் வீணாய்ப் போகிறதே!

சாணக் குவியலிலிருந்து அம்மோனியா வேஷத்தில், மூக்கைத் துளைத்துக்கொண்டு நைட்ரஜன் வந்தது. "எங்களை உள்ளே விடு. மதிலோரம் ஒரு படி போட்டுத் தர்றோம். நீலக் கதிர் ஏறிடும். ஆனா நீ சூளையில வேகணும்."

"நிறம் போயிடும். அப்புறம் நீ நம்ம ஆளே இல்லை," என்றார்கள் குலத்தார்.

"போனால் போகட்டும். செத்த மீனுக்குக் காவல் இருக்கவா எனக்கு இந்த வெள்ளை?"

நைட்ரஜனோடு காற்றிலேறிப் போய்க் கரையோரச் செங்கல் சூளைக்குள் இறங்கினாள். கூடவே பிறந்த ஆக்சிஜன்களில் சிலரின் கையை விட்டாள். வலித்தது, அழுதாள், ஆனாலும் விட்டாள். காலியான இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்தது.

"இன்னும் வரலாமா?" என்று கேட்டது நைட்ரஜன்.

"நூற்றுக்கு ஒருத்தர் போதும். கூட்டம் கூடினால் வர்ற வெளிச்சத்தை நீங்களே முழுங்கிடுவீங்க," என்று வழியை அடைத்தாள்.

புகையோடு கிளம்பித் தூறலோடு பாறைக்குத் திரும்பியபோது அவள் இளமஞ்சளாக இருந்தாள். குலத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. மூட்டத்தின் ஊடே வந்த நீலக் கதிர் படியில் கால் வைத்து மதிலைத் தாண்டியது. சாயம் வெளுக்கத் தொடங்கியது. மறுநாள் மாலை குஞ்சுகள் பாறையைச் சுற்றி வந்தன.

அன்று முதல்தான், அந்த வெள்ளைப் பொடி தன் வரிசையில் துளி நைட்ரஜனுக்கு இடம் கொடுத்தால் மஞ்சளேறி, சாதாரண வெளிச்சத்திலும் தண்ணீரைத் தெளிய வைக்கிறது. நிறம் கெட்டுவிட்டது என்று இதுவரை எந்த மீனும் குறை சொன்னதில்லை.