பள்ளம் இல்லாத மயில்

கோணப்பாளையத்தில் நாச்சிமுத்து, மாரப்பன், சென்னியப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் நகைப்பட்டறை வைத்திருந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்று ஊரே அவர்களுக்கு நற்சான்று தரும். வம்பே அங்கேதான் இருந்தது.

செம்புத் தகட்டை அச்சில் அழுத்திப் புடைக்க வைத்து, எனாமல் பொடி தூவி, உலையில் சுட்டுத் தோடு செய்யலாம் என்று ஒரு ஹைட்ராலிக் பிரஸ் வாங்கினார்கள். லாரியைத் தூக்குகிற ஜாக்கியை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது. கொண்டுவந்த ஆள் போகும்போது சொன்னான்:

"மிஷின்ல கையை வெக்காதீங்க. சத்தம் ஏதாச்சும் கேட்டா உடனே நிறுத்திப்போடுங்க. தகடு வெளிய வந்ததும் திருப்பிப் பாருங்க."

முதல் வாடிக்கை செங்கமலத்தம்மாள். வெள்ளிக்கிழமை அவள் மகள் பூங்கோதைக்குக் கல்யாணம்.

"ஒரு ஜோடி மயில் தோடுங்க. என்ற புள்ள வெறுங்காதோட மணையில உக்காரக் கூடாது" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கையை வைக்கக் கூடாதல்லவா? நாச்சிமுத்து மல்லாந்து படுத்துக் காலால் கைப்பிடியை மிதித்தார். காக்கை கரைந்தது, நிறுத்தினார்கள். காக்கை போனது, மிதித்தார். பால்காரர் மணியடித்தார், நிறுத்தினார்கள். ஊர் மத்தியானத் தூக்கம் போட்ட பிறகுதான் முதல் மயில் புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அத்தனை அழகு! சொன்னபடி திருப்பிப் பார்த்தார்கள்.

"அண்ணா, பின்னால பள்ளம்" என்றான் சென்னியப்பன்.

"முன்னால மேடு இருந்துதே?"

"மேடும் இருக்குது, பள்ளமும் இருக்குது."

"பள்ளம் விழுந்த தோட்டைக் குடுத்தா ஊரு சிரிக்காதா?" என்று மாரப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் நாச்சிமுத்து சொன்னார்: "மயில் பள்ளத்துக்கு மயில்தான் பொருந்தும்."

இன்னொரு மயிலை அழுத்தி அந்தப் பள்ளத்தில் வைத்தார்கள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு திருப்பிப் பார்த்தார்கள்.

இப்படியே தகடு தீரும்வரை மயில்மேல் மயிலாக அடுக்கினார்கள். கடைசி மயிலுக்கும் பள்ளம் இருந்தது.

"அதுல பொண்ணோட காது உக்காந்துக்கும்" என்றான் சென்னியப்பன். அந்த வீட்டில் மூளை அவனுக்குத்தான்.

இடையிடையே எனாமல் பொடி தூவி உலையில் வைத்தார்கள். பச்சையும் நீலமுமாக உருகி, அத்தனை மயிலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோடு மண்டபம் வந்தது. செங்கமலத்தம்மாள் அழுதேவிட்டாள்.

"இன்னொண்ணு எங்கீங்க?"

"உள்ளதானுங்க இருக்குது. நீங்க கேட்டது ஜோடி, நாங்க குடுத்திருக்கறது ஒரு கூட்டமுங்க."

வேறு வழியில்லை. இடது காதைப் பூச்சரத்தால் மூடி, வலது காதில் தோட்டை மாட்டினார்கள். பூங்கோதை தலை வலப்பக்கம் சாய்ந்தது. "என்ன நாணம், என்ன நாணம்!" என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப் போனார்கள்.

சகோதரர்களுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"தோட்டுல பள்ளம் இல்லீங்கண்ணா. அப்போ மேடைதான் கோணல்" என்றான் மாரப்பன்.

ஓடிப்போய் மிஷினைத் தூக்கிவந்து, சட்டத்தைக் கழற்றி, ஜாக்கியை மேடையின் வலது மூலைக்கடியில் வைத்தார்கள். மேளக்காரர்கள் காப்பி குடிக்கிற நேரம் பார்த்து நாச்சிமுத்து மல்லாந்து படுத்து மிதித்தார். மேடை மெல்ல எழும்பியது. பூங்கோதையின் தலை நிமிர்ந்தது. தாயின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கெட்டிமேளம் முழங்கியது. சத்தம் கேட்டதால் மேடையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். சரிந்த மேடையிலேயே தாலி ஏறியது. தேங்காய்கள் இடப்பக்கமாக உருண்டு போயின.

"ஏனுங்க, மாப்பிள்ளை இடப்பக்கம் சாஞ்சிருக்காரே!" என்று பதறினார் மாப்பிள்ளையின் மாமா.

மூவரும் மாப்பிள்ளையைக் கவலையோடு உற்றுப் பார்த்தார்கள்.

"பொண்ணு நேராத்தானுங்க இருக்குது" என்றார் நாச்சிமுத்து. "மாப்பிள்ளை வலது காதுலயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டிட்டாச் செரியாப் போயிருமுங்க."

"சின்ன வயசுல குத்துன காதுங்க, ஓட்டை தூந்து போச்சு" என்றார் மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டே.

"அதனாலென்னங்க" என்றான் சென்னியப்பன். "மிஷின் கீழயேதான் இருக்குது."