குஞ்சிதபாதம் பிரதர்ஸ் சுழல் ரேக்கு வாங்கிய கதை

வட்டக்கரையில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு, அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. முட்டாள்தனத்துக்கு மட்டும் வந்ததே இல்லை. ஊர் மொத்தத்துக்கும் தேவையானது ஒரே வீட்டில் விளைந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்த குஞ்சிதபாதம், தாண்டவமூர்த்தி, சபாநாயகம் என்கிற அண்ணன் தம்பி மூவரின் வீடு அது.

மூத்தவரைக் கட்டிக்கொண்டவள் கோமளா. பெண் பார்க்க வந்தபோது, "மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார்" என்று பெருமையாகச் சொன்னார்கள். ஏன் பேசமாட்டார் என்று அவள் அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தம்பிகள் இருவருக்கும் கடைசிவரை யாரும் பெண் கொடுக்கவில்லை. ஊர் அதற்குள் விஷயத்தைத் தெரிந்துகொண்டுவிட்டது.

கடை எட்டடிக்குப் பத்தடி. சரக்கு அதைப்போல மூன்று மடங்கு. கடையில் அடங்காததெல்லாம் கோமளாவின் அடுப்படியில் அடங்கியது. அரிசி டிரம்முக்குமேல் கண்ணாடி வளையல் பெட்டி, கிரைண்டர்மேல் ரிப்பன் கட்டு, மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பாவில் கறுப்பு மணி. ஒருநாள் அவசரத்தில் மணி ரசத்துக்குள் போய்விட்டது. குஞ்சிதபாதம் நாலைந்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி மிளகு ரொம்ப முத்தல். மளிகைக்கடைக்காரன்கிட்ட சொல்லு" என்றார். தாண்டவமூர்த்தி ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தான்.

இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. இந்த வருஷம் ஓடாது. மகள் ஹம்சாவுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளையோடு சம்பந்தியம்மாவும் வருகிறாள். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்குள் போய் ஒரு பார்வை பார்க்கிறவள் அவள். கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்ததை இன்றைக்கும் தேதியோடு சொல்வாள். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கோமளாவுக்கு முறுக்குச் சட்டி வைக்கக்கூட அடுப்படியில் இடமில்லை.

கணவரிடம் சொல்லிப் பயனில்லை என்று அவள் லேத் பட்டறை லூர்துசாமியிடம் போனாள். அவர் ஒரு ரேக்கு செய்து கொடுத்தார். நடுவில் இரும்புத் தூண், அதைச் சுற்றி வட்டமாக ஆறு தட்டு. திருகைத் தளர்த்தினால் தட்டு ஏறும், இறங்கும். ஒரு விரலால் தள்ளினால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு சுற்றும். மூன்று பீரோ சரக்கை ஒண்டியாக விழுங்கும்.

கடையில் அதை நிறுத்திவிட்டு லூர்துசாமி மூவரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"மூணே விஷயம். கனமானதைக் கீழே வைங்க, லேசானதை மேலே வைங்க. வாங்க வர்றவங்க கண்ணுக்கு நேரா தட்டை ஏத்தி இறக்கிக்குங்க. அப்பப்போ சுத்திவிடுங்க, எல்லாப் பக்கமும் தெரியட்டும். அவ்வளவுதான்."

மூவரும் ஒப்பித்தார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. லூர்துசாமிக்குத் திருப்தி. கோமளாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்லாத்தானே சொல்றாங்க?" என்றார்.

"சொல்றதுல குறையே வராது லூர்து. செய்யறப்பதான் தெரியும்."

மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனாள். வாசலில் கூட்டம். சந்தோஷப்பட்டாள். உள்ளே எட்டிப் பார்த்ததும் அது போய்விட்டது.

ரேக்கின் கீழ்த்தட்டில் குஞ்சிதபாதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பிகள் இருவரும் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு டீச்சரம்மா வளையல் வாங்க நின்றாள்.

"என்ன சைஸும்மா வேணும்?" என்று கேட்டபடியே குஞ்சிதபாதம் பின்பக்கம் போனார்.

"ரெண்டே கால்."

அவர் மறுபடி முன்னால் வந்தார். "என்ன சொன்னீங்க?"

"ரெண்டே கால்ங்க!"

"கலர்?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

கோமளா கேரியரைத் தரையில் வைத்துவிட்டு ரேக்கைப் பிடித்து நிறுத்தினாள். "என்னங்க இது கூத்து?"

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க" என்றான் சபாநாயகம். மூவரில் யோசிக்கத் தெரிந்தவன் என்று வீட்டுக்குள் பெயரெடுத்தவன் அவன். "அரிசி மண்டித் தராசை வாங்கிட்டு வந்து கடையில இருக்கிற எல்லாத்தையும் நிறுத்தோம். வளையல் பெட்டி பதினாலு கிலோ. கல்லாப்பெட்டி இருபது. கல்லாப்பெட்டியைத்தான் கீழே வைக்கப் பார்த்தோம். அப்புறம்தான் அண்ணனை நிறுக்காம விட்டது ஞாபகம் வந்துச்சு."

"எண்பத்தெட்டு கிலோ" என்றார் குஞ்சிதபாதம், தட்டைவிட்டு இறங்காமலே. போட்டியில் ஜெயித்த முகம்.

"சரக்கைத்தானே அவர் சொன்னார்? கனமானது எதுன்னு கண்டுபிடிச்சீங்களே, லேசானது எதுன்னு தெரியுமா? உங்க மூணு பேர் தலை. அதைக் கொண்டுபோய் மேல்தட்டுல வைங்க!"

சபாநாயகம் நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தான். அது காலியாகத்தான் இருந்தது. அண்ணன் கழுத்தையும் ஒரு தரம் பார்த்தான்.

"சும்மா சொன்னேன் தம்பி" என்றாள் கோமளா அவசரமாக.

அடுத்தது இரண்டாவது விஷயம். வாங்க வருகிறவர்கள் கண்ணுக்கு நேராகத் தட்டு. இதைப் பற்றி மூவரும் கடையைப் பாதி சாத்திவிட்டு விவாதித்தார்கள்.

"ஆளுக்கு ஆள் உயரம் மாறுதே. யார் கண்ணுக்குன்னு வைக்கிறது?" என்றான் தாண்டவமூர்த்தி.

"முதல் போணி பண்றவங்க கண்ணுக்குத்தான்" என்றார் அண்ணன். "அன்னிக்கு மகாலட்சுமி அவங்க ரூபத்துலதானே வர்றா? அவளுக்குத் தெரிஞ்சா போதும். மத்தவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

செவ்வாய்க்கிழமை மகாலட்சுமி மின்சார லைன்மேன் ரூபத்தில் வந்தாள். மகளுக்கு ஹேர்பேண்டு கேட்டு வந்த அந்த மனிதருக்கு ஆறே கால் அடி உயரம். ஆறு தட்டையும் அவர் கண்ணுக்கு நேராக ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கித் திருகிவிட்டார்கள். நடுவில் ஒரு ஹேர்பின் நுழைய இடமில்லை. அதற்குப் பிறகு வந்த பெண்களெல்லாம் அண்ணாந்து தட்டின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "லூர்து பெயிண்டு நல்லா அடிச்சிருக்கான்" என்றாள் ஒருத்தி.

புதன்கிழமை போணி பண்ணியது நாலு வயசுக் குழந்தை. ஆறு தட்டும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டன. அன்று முழுக்க வாங்க வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தரையில் உட்கார்ந்து வளையல் பார்த்தார்கள். மூட்டுவலிக்காரி அடுத்த வீட்டு மீனலோசனி உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல், கோமளாவுக்கு ஆள் அனுப்பித்தான் எழுந்தாள்.

தீபாவளிக்கு ஐந்து நாள். கோமளாவுக்குப் பொறுமை தீர்ந்தது. இவ்வளவு நாள் இருந்ததே அதிசயம். அவளே கடைக்கு வந்து, தட்டுகளை வேண்டிய உயரத்தில் திருகி, முப்பத்தாறு டஜன் வளையலைக் கலர் கலராக அடுக்கினாள். ரேக்கு தேர் மாதிரி நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகிற போக்கில், "எத்தனை டஜன் இருக்குன்னு எண்ணி வச்சுக்குங்க. குறையக் குறைய அடுப்படியில இருக்கிற பெட்டியைக் கொண்டுவந்து நிரப்புங்க. தீபாவளிக்குள்ள அடுப்படி காலியாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருந்தும் செய்த தப்பு.

சாயங்காலம் மூவரும் வேர்த்து விறுவிறுத்து வந்தார்கள்.

"அண்ணி, முந்நூத்திப் பன்னிரண்டு டஜன்!" என்றான் தாண்டவமூர்த்தி. "நான் சுத்தினேன், சபா எண்ணினான், அண்ணன் ஞாபகம் வச்சுக்கிட்டாரு. சுத்தச் சுத்த வந்துக்கிட்டே இருக்கு. சாப்பாட்டு நேரம் வந்துடுச்சேன்னுதான் நிறுத்தினோம். இல்லேன்னா ஆயிரத்தைத் தொட்டிருக்கும்."

"இவ்வளவு இருக்கும்போது பெட்டியை எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?" என்றார் குஞ்சிதபாதம். "அது பாட்டுக்கு இங்கேயே இருக்கட்டும்."

கோமளா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வட்டமா இருக்கிறதை எண்ணினா முடிவு எப்படி வரும்? எண்ண ஆரம்பிக்கிற இடத்துல ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டுங்க. சுத்தி வந்து ரிப்பன் எதிரே வந்ததும் நிறுத்துங்க. புரிஞ்சுதா?"

மூவரும் ஒப்பித்தார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை.

மறுநாள் காலை சபாநாயகம் தான் எண்ண ஆரம்பிக்கிற இடத்தில், அதாவது தான் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த ஜன்னல் கம்பியில், சிவப்பு ரிப்பனை இறுக்கிக் கட்டினான். தாண்டவமூர்த்தி ரேக்கைத் தொட்டான்.

"நிறுத்து. ரிப்பன் வந்துடுச்சு."

"இன்னும் ஒண்ணுகூட எண்ணலியேடா?"

"வந்துடுச்சே, நான் என்ன செய்ய? ரிப்பன் வந்ததும் நிறுத்தணும்னு அண்ணி சொன்னாங்க."

பத்துத் தடவை முயன்றார்கள். பத்துத் தடவையும் எண்ணுவதற்கு முன்பே ரிப்பன் எதிரே நின்றது. கடைசியில் மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நேத்து முந்நூத்திப் பன்னிரண்டு. இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்றார் குஞ்சிதபாதம். "திருடனா இருக்குமோ?"

"பூட்டு அப்படியே இருந்துச்சுண்ணே. சரக்கும் கண்ணெதிரே இருக்கு" என்றான் தாண்டவமூர்த்தி.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றான் சபாநாயகம். "கண்ணுக்குத் தெரியுது, எண்ணிக்கைக்கு வரல. இதுக்கு என்ன பேர்? திருஷ்டி! போறவன் வர்றவன் எல்லாம் நின்னு நின்னு பார்த்தானே. எண்ணிக்கையைக் கண்ணாலேயே எடுத்துட்டாங்க."

மூவரும் ரேக்கை இரக்கத்தோடு பார்த்தார்கள். அதை உடனே யார் கண்ணும் படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"கோயில்?" "கூட்டம் வரும்." "மொட்டைமாடி?" "மீனலோசனி துணி காயப்போட வருவாங்க."

"நம்ம அடுப்படிதான் சரி" என்றார் குஞ்சிதபாதம் தீர்மானமாக. "கோமளா இத்தனை வருஷமா அங்கே மாடா உழைக்கிறா. யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டிருக்கா?"

தம்பிகள் யோசித்துப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை.

கோமளா அப்போது முறுக்கு மாவு அரைக்க மில்லுக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அடுப்படி வாசலுக்குக் கதவு இல்லை. உள்ளே பெட்டிகளுக்கு நடுவே, வளையல் குலுங்க, ரேக்கு நின்றது.

மாவுத் தூக்கைக் கீழே வைத்தாள். கதவில்லாத நிலையை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். அவள் திட்டாதது அந்த வீட்டில் புதுசு என்பதால் மூவரும் பயந்துபோனார்கள்.

"கதவு எங்கே?" என்றாள் கடைசியில்.

"ரேக்கு நுழையலைன்னு கழட்டினோம் அண்ணி. இங்கே இருந்த கதவோட இடத்துக்கு ரேக்கு வந்துடுச்சு. ரேக்கோட இடம் கடையில வெறிச்சுன்னு கிடந்துச்சா, கதவைக் கொண்டுபோய் அங்கே வச்சுட்டோம்."

இனி இவர்களிடம் பேசினால் முறுக்கு சுட நேரமிருக்காது. கோமளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுப்படியில் இருந்த பெட்டி அத்தனையையும், ரேக்கில் இருந்த வளையலையும் தூக்கிக்கொண்டுபோய் மூன்று ஆண்களின் கட்டில்மேலும் குவித்தாள். "இனிமே எல்லாம் இங்கேதான். எங்கே படுப்பீங்களோ எனக்குத் தெரியாது."

மூவரும் அன்றிலிருந்து தரையில் படுத்தார்கள். வருத்தமே இல்லை. கனமானது கீழே, லேசானது மேலே. லூர்துசாமி சொன்னது சரியாக வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

காலியான ரேக்கைக் கழுவித் துடைத்த கோமளா, வேறு வழியில்லாமல் சுட்டதையெல்லாம் அதிலேயே அடுக்கினாள். மேல்தட்டில் ரிப்பன் பகோடா, அடுத்ததில் முறுக்கு, அப்புறம் அதிரசம், மைசூர்பாகு, ரவா லட்டு. கீழ்த்தட்டில் எண்ணெய்ச் சட்டி. தீபாவளிக்கு முதல்நாள் காலை மகள், மாப்பிள்ளையோடு சம்பந்தியம்மா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நேராக அடுப்படிக்குப் போனாள். கோமளா பின்னாலேயே ஓடினாள்.

சம்பந்தியம்மா ஒரு விரலால் ரேக்கைத் தள்ளினாள். பலகாரம் அத்தனையும் அவளைச் சுற்றி ஊர்வலம் வந்தது. அதிரசம் எதிரே வந்தபோது நிறுத்தி, ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"அடுப்படின்னா இப்படி இருக்கணும்" என்றாள். அப்பள விவகாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. "வீட்டுக்கே இந்த ஏற்பாடுன்னா, கடையை எப்படி வச்சிருப்பாங்க! ஹம்சாவுக்கு ரெண்டு டஜன் வளையலும் எடுக்கணும். வாங்க சம்பந்தி, பார்த்துட்டு வந்துடுவோம்."

கோமளா எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். வெயில் என்றாள், கூட்டம் என்றாள், காலில் சுளுக்கு என்றாள். சம்பந்தியம்மா தெருவில் பாதி தூரம் போயிருந்தாள்.

கடைக்குள் நடு இடத்தில் கோமளாவின் அடுப்படிக் கதவு நின்றது. அதை ஒரு தூணோடு சேர்த்து, சுற்றுகிற மாதிரி கட்டியிருந்தார்கள். கதவின்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. வளையல் நிரம்பிய ரேக்கின் போட்டோ. வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு எடுத்தது.

"இது என்ன?" என்றாள் சம்பந்தியம்மா.

"ரேக்கு" என்றார் குஞ்சிதபாதம் பணிவாக. "அசல் பத்திரமா இருக்கு. பார்க்கிறவங்க இதைப் பார்த்துக்கலாம். தட்டையா இருக்கிறதால திருஷ்டி ஒட்டாது, வழுக்கிடும்."

சம்பந்தியம்மா போட்டோவை உற்றுப் பார்த்தாள். "பச்சை இருக்கு, மஞ்சள் இருக்கு. எனக்கு அரக்குல வேணுமே. அதெல்லாம் பின்பக்கத்துல இருக்கா?"

"சுத்துடா தம்பி. எல்லாப் பக்கமும் தெரியட்டும்."

தாண்டவமூர்த்தி கதவை ஒரு விரலால் தள்ளினான். அது வழுக்கிக்கொண்டு திரும்பியது. பின்பக்கத்து ஆணிகளில் கோமளாவின் கரண்டி, சல்லடை, ஒரு பிடிதுணி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய போன வருஷத்துக் காலண்டர் எல்லாம் வரிசையாகத் தொங்கின.

சபாநாயகம் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தான். ஏதோ யோசித்தான். பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "அரக்கு தீர்ந்துபோச்சும்மா. கரண்டிதான் இருக்கு" என்றான். "நம்ம ஹம்சா கை சைஸ் சொல்லுங்க, எத்தனை டஜன் போடட்டும்?"