மழைக்குக் கோடு போட்டவர்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனி வைத்திருந்த தனவேல் முதலாளிக்கு அந்த வருஷம் போதாத காலம். உள்ளூர்க் காய்ப்பு பொய்த்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கொட்டை வாங்கிவருகிற ஏஜென்ட்டோ குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கம்பெனியில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர்: கலியபெருமாள், கோதண்டம், பாவாடை. மூவரும் முன்பு துபாய்க்குக் கிளம்பி, விமான நிலையத்தில் யாரோ "இங்கேயே இருங்க" என்று சொன்னதால், விமானம் போன பிறகும் இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டு வீடு திரும்பியவர்கள். சொன்ன சொல் தட்டாதவர்கள் என்று ஊரில் நல்ல பெயர்.

முதலாளி மூவரையும் நிற்க வைத்து மூன்றே விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, அறுத்துப் பாக்காம கொட்டை வாங்கக் கூடாது. ரெண்டு, உடைஞ்ச கொட்டையைத் தொடவே கூடாது. மூணு, நெலநடுக்கோடு நீங்க போற ஊரு நடுவுலதான் போவுதாம். கோட்டுக்குத் தெக்கால மழை எறங்கப்போவுது. ஈரம் பட்டா கொட்டை பூசணம் பூத்துடும். வாங்குன சரக்கு கோட்டுக்கு வடக்காலதான் இருக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றார்கள். அதுதான் வினை.

கலியபெருமாளின் மனைவி அஞ்சலை அந்தக் கம்பெனியில்தான் கொட்டை உடைத்தாள். அவளையும் சேர்த்து நாற்பது பெண்கள். கொட்டை வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. பஸ் ஏற்றிவிட வந்தவள், "கொட்டையோட வந்தா வா. இல்லாட்டி அங்கியே கெட" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கலியபெருமாள் பார்த்துவிட்டான். வழி நெடுக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கிலுண்டா என்ற அந்த நகரம் முந்திரியால் பிழைக்கிற ஊர். தெற்கே ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் தோப்புகள். காய்ப்புக் காலம் வந்தால் படகிலும் சைக்கிளிலும் மூட்டைகள் வந்து இறங்கும். இரண்டு மாதம் ஊர் தூங்காது, மிச்ச மாதம் எழுந்திருக்காது. ஊரின் வடக்குக் கோடியில் ரயிலடி. அங்கிருந்து துறைமுகம் ஒரு பகல் தூரம். நடுச் சந்தையில் நிலநடுக்கோட்டை மஞ்சள் பெயிண்டில் போட்டு, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எடுத்த களைப்புக்கு, அங்கேயே அடுப்பு வைத்திருந்த ரெஹெமா என்ற அம்மாளிடம் டீ குடிப்பார்கள். கோட்டினால் பிழைத்தவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

தரகர் ஜுமாவுக்கு அறுபது வயது. இருபது வருஷமாகப் பண்ருட்டிக்காரர்களோடு பழகியதில், தமிழைக் கடலூர் ஜில்லாக்காரர்போலவே பேசுவார். அவர் அக்கரைக்குப் போயிருந்த மூன்று நாளில் நம்மவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு பெண் மூட்டையை இறக்கினாள். மூவரும் பாக்குவெட்டியோடு உட்கார்ந்து, ஒரு கொட்டை விடாமல் அத்தனையையும் அறுத்தார்கள். கொட்டை ஓட்டின் கார எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்தது. பொழுது சாயும்போது மூட்டை முடிந்தது. எல்லாம் முதல் தரம்.

"நல்ல கொட்டை. வாங்கிடலாம்" என்றான் பாவாடை.

கோதண்டம் குவியலை உற்றுப் பார்த்தான். "எப்பிடிடா வாங்குறது? எல்லாம் உடைஞ்சு கெடக்குதே!"

"அடப்பாவமே. ஒண்ணுகூட முழுசா இல்லியே" என்று கலியபெருமாள் உச்சுக் கொட்டினான். "இந்த ஊர்ல இப்பிடித்தான் விப்பாங்க போல. வேற மூட்டையப் பாப்போம்."

அடுத்த மூட்டையிலும் அதே மோசடி. அதற்கடுத்ததிலும்.

மூட்டை கொண்டுவந்த பெண்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு உடைத்த பருப்பை வறுத்து, ரயிலடியில் கூவி விற்றுப் பார்த்தார்கள். கொட்டையைவிட நல்ல காசு. கூலி வாங்காமல் கொட்டை உடைத்துத் தருகிற மூன்று மகராசன்கள் வந்திருக்கிறார்கள் என்று நான்காம் நாள் சந்தையில் வரிசை நின்றது.

ஜுமா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், மூட்டைக்கு ஒரு கை அள்ளி அறுத்துப் பாத்தா போதும்யா!"

"அள்ளுன கை நல்லா இருக்கும். அள்ளாத கைக்கு யாரு ஜவாப்பு?" என்றான் கோதண்டம்.

ஜுமா சந்தையில் நின்ற மூட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எல்லாத்தையும் நானே அறுத்துப் பாத்துட்டேன். முழுசா இருக்கறதெல்லாம் நல்ல கொட்டை. போதுமா?"

போதும் என்றார்கள். யார் அறுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லவில்லையே. ஒரே காலையில் நூற்றிருபது மூட்டை வாங்கியாயிற்று. சரக்கு ரயில் மறுநாள். "என் கிடங்குல போட்டு வைங்க. மழை வருது" என்று சொல்லிவிட்டு ஜுமா வேகன் பேசப் போனார்.

கிடங்கு கோட்டிலிருந்து இருபது அடி தள்ளி இருந்தது. தெற்கே.

"தெக்காலதான் மழை" என்றான் பாவாடை. "போயும் போயும் மழை பெய்யிற எடத்துல கிடங்கு கட்டியிருக்காரே மனுஷன்."

ஆகவே நூற்றிருபது மூட்டையையும் கோட்டுக்கு வடக்கே, திறந்த வெளியில், அழகாக அடுக்கினார்கள். அடுக்கி முடித்து நிமிர்ந்தால், ரயிலடிப் பக்கமிருந்து மேகம் கருகருவென்று ஏறி வருகிறது.

"வடக்கேர்ந்து வருதுடா" என்றான் கலியபெருமாள்.

"நம்ம தலைக்கு மேல போயி, கோட்டைத் தாண்டித்தான் பெய்யும். மொதலாளி சொன்னாரு இல்ல?" என்றான் பாவாடை.

ஒரு சொட்டு பாவாடையின் மூக்கில் விழுந்தது. மூவரும் அந்த மூக்கையே பார்த்தார்கள்.

கோதண்டம் போய்க் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். "கால் பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேஞ்சு கெடக்கு. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து மழைக்கு எப்பிடித் தெரியும்?"

மூட்டையில் பெயர் எழுத வாங்கிய மஞ்சள் பெயிண்ட் டின் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கலியபெருமாள் டின்னின் மூடியை நெம்பினான். பூட்டிய கம்பெனி வாசலில் அஞ்சலை நிற்பதுபோலவே தோன்றியது. கொட்டை நனைந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பான்? அழுகை வந்தது. அழுதபடியே கோட்டைப் பார்த்தான், கிடங்கைப் பார்த்தான். அவன் மூளை வாழ்நாளில் ஒரே ஒரு முறை வேலை செய்தது என்றால் அது அப்போதுதான்.

"டே! கிடங்குதான நகராது? கோடு நகரும் இல்ல?"

கிடங்குக்குப் பின்னால், ஆற்றங்கரையோரம், புதுக் கோடு பளபளவென்று எழுந்தது. இரண்டு கோடு இருந்தால் மழை குழம்பிவிடும் என்று பழைய கோட்டைச் சேறு பூசி மறைத்தார்கள். பலகையைப் பிடுங்கிப் புது இடத்தில் நட்டார்கள். ரெஹெமா அவர்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பைத் தூக்கிக்கொண்டு பலகைக்குப் பின்னாலேயே போய்விட்டாள்.

இப்போது கிடங்கு வடக்கே ஆகிவிட்டது. சந்தைச் சுமையாட்களும் கைகொடுக்க, மூட்டைகள் உள்ளே ஓடின. கடைசி மூட்டை உள்ளே போகவும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது.

கதவோரம் நின்று பார்த்த கோதண்டம் முகத்தைச் சுருக்கினான். "வடக்கால வெளியிலயும் பெய்யுதேடா?"

"உள்ள பெய்யுதா?" என்றான் கலியபெருமாள்.

"இல்ல."

"அப்புறம் என்ன? கொட்டை இருக்கற வடக்குதான் நமக்கு முக்கியம்."

ஈரம் படாமல் நூற்றிருபது மூட்டையும் ரயிலேறின, கப்பலேறின, பண்ருட்டி வந்து சேர்ந்தன. கம்பெனிக்குப் பூட்டு விழவில்லை. நாற்பது பெண்களும் உட்கார்ந்து உடைத்தார்கள். அஞ்சலை அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவர்கள் வீட்டு ஒழுகல் கூரைக்கு வரப்போகிற ஐப்பசிக்குள் ஓடு மாற்ற உதவுவதாக முதலாளி சொன்னார். கிலுண்டாவில் இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் ஆற்றங்கரையில் கால் அகட்டி நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். ரெஹெமா அங்கே இரண்டாவது அடுப்பும் வைத்துவிட்டாளாம்.

ஐப்பசி வந்தது. ஓடு மாற்றவில்லை. அடைமழை. அஞ்சலை வீட்டில் இருந்த குண்டான், சட்டி, சொம்பு எல்லாவற்றையும் ஒழுகுகிற இடங்களில் வைத்துவிட்டுத் திரும்பினால், கலியபெருமாளைக் காணோம்.

கொல்லைப்புறத்தில், தெற்கு வேலியோரம், கொட்டுகிற மழையில் குந்தியபடி அவன் கிலுண்டாவிலிருந்து கொண்டுவந்த மிச்ச மஞ்சள் பெயிண்ட்டால் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்து, மனைவிக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்தான்.

"இனிமே நம்ம வூடு வடக்கால" என்றான்.

கூரையிலிருந்து ஒரு தாரை அவன் உச்சந்தலையில் விழுந்தது. அஞ்சலை அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அவசரப்படாத" என்றான் கலியபெருமாள். "பெயிண்ட் காயட்டும்."