இன்ஜினியர் ஊதின ஊத்து

கோயம்புத்தூரில் ரேடியேட்டர் பட்டறை நடத்தும் வேலாத்தாளிடம் கார் கம்பெனி இன்ஜினியர் சந்திரசூடன் சண்டைக்கு வந்தார். ஒரு ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து கியர்பாக்ஸே பாழாகியிருந்தது. கியர் ஆயிலைக் குளிர வைக்கக் கம்பெனி ரேடியேட்டர் தண்ணீருக்குள் ஓடும் ஆயில் குழாய்தான் ஓட்டை என்று கார்க்காரரிடம் அவள் சொல்லியிருந்தாள்.

"எங்க குழாய் ஓட்டையாகவே ஆகாது. அறுக்காம, பிரிக்காம, மிஷின் வைக்காம நிரூபி. முடியலைன்னா போர்டைக் கழட்டு" என்றார். தெருவே கூடிவிட்டது.

"சரிங்க சார். நான் தொட்டா சந்தேகப்படுவீங்க, நீங்களே பண்ணுங்க" என்றாள்.

அந்தக் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த ரேடியேட்டரில் அவரே தண்ணீர் நிரப்பினார். ஆயில் குழாயின் ஒரு முனையை அடைத்தார். மறுமுனையில் ஓஸ் மாட்டி ஊதச் சொன்னாள்.

"குழாய் நல்லா இருந்தா காத்துக்கு வழியில்லைங்க, உங்க கன்னந்தான் உப்பும்."

இன்ஜினியர் தம் கட்டி ஊதினார். கன்னம் உப்பவில்லை. ரேடியேட்டர் வாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்து அவர் டையை நனைத்தது.

வேலாத்தாள் கம்பெனி தயாரிப்பல்லாத வெளிக்கடை ரேடியேட்டர் ஒன்றை எடுத்து வைத்தாள். "இதுல ஆயில் கூலர் தனியா வெளியில இருக்குதுங்க. ஓட்டையானா ஆயில் ரோட்டுல சிந்தும், தண்ணியோட சேராது. இதையும் ஊதறீங்களா?"

"வேண்டாம்" என்று முகத்தைத் துடைத்தார். "இதைக் கம்பெனிக்கு நான் என்னன்னு எழுதறது?"

"நான் சொன்னதை எழுத வேண்டாமுங்க. நீங்க ஊதுனதை எழுதுங்க, போதும்."