கொதிநீரில் இட்ட வில்லை

தாமோதரன் பீங்கான் தொழிற்சாலையில் பல வருடம் சூளை பார்த்தவர். நாற்பது கடந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை ரெஜினா அவரைவிட வயதில் இளையவர்.

இருவரும் செய்துகொண்டிருந்தது ஒரு சின்னப் பீங்கான் வில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜனை ஊதினால் அதிலுள்ள புரோட்டான் மட்டும் வில்லைக்குள் புகுந்து மறுபக்கம் போகும். எலக்ட்ரான் உள்ளே போக முடியாமல் வெளியே கம்பி வழியாகச் சுற்றி வரும். அந்தச் சுற்றில் விளக்கு எரியும்.

மலைமேல் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு இப்படி மின்சாரம் தர ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. வில்லையைத் தேர்ந்தெடுக்க மறுநாள் அவர்கள் வருவதாக இருந்தது.

அன்று காலை தாமோதரன் ஓடி வந்தார்.

"மேடம், சீரியம் போட்ட வில்லையில எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு ரீடிங் பாருங்க. இவ்வளவு நாம பார்த்ததே இல்ல."

ரெஜினா பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்."

"நாளைக்கு இதையே காட்டிடலாமா?"

ரெஜினா ஒரு பீக்கரில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். கொதி வந்ததும் கையை நீட்டினார்.

"அதுல ஒண்ணு கொடுங்க."

"எதுக்கு மேடம்?"

"மலையில எப்பவும் ஈரக்காத்து. வில்லையோட மறுபக்கமும் நீராவி உண்டாகும்."

தாமோதரன் தயங்கியபடி கொடுத்தார். வில்லை தண்ணீருக்குள் இறங்கியது.

மத்தியானம் அதன் ஓரம் கரைந்திருந்தது. சாயங்காலம் பீக்கரின் அடியில் வெளிர் மஞ்சளாய்க் கொஞ்சம் சேறுதான் இருந்தது.

தாமோதரன் போய் அலமாரியைத் திறந்தார். அதில் சீரியத்துக்குப் பதிலாகச் சிர்கோனியம் போட்டுச் செய்த வில்லைகள் இருந்தன. சீரியம் வில்லையைவிட அதிகச் சூட்டில், சிரமப்பட்டுச் சுட்டெடுத்தவை. ரீடிங் குறைவு என்று அவரே ஒதுக்கி வைத்தவை.

"நாளைக்கு எதைக் காட்டுறது மேடம்?"

"செஞ்சது நீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

மறுநாள் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் பெயர் வரதராஜன். கூட வந்த பொறியாளரின் பை நிறையக் கருவிகள்.

தாமோதரன் சிர்கோனியம் வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார். ரீடிங்கைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

வரதராஜன் புருவத்தைச் சுருக்கினார்.

"போன வாரம் வேற இடத்துல இதைப்போல இரண்டு மடங்கு காட்டினாங்களே."

"காட்டியிருப்பாங்க சார். எங்ககிட்டயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு."

"எங்கே அது?"

தாமோதரன் பீக்கரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

வரதராஜன் குனிந்து பார்த்தார்.

"இதுவா?"

"நேத்து காலையில முழு வில்லையா இருந்துச்சு சார். இந்தச் சிர்கோனியம் வில்லையை இப்பவே கொதிக்கிற தண்ணியில போடுறேன். சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போங்க."

அவர்கள் இருந்தார்கள். சாயங்காலம் தாமோதரன் இடுக்கியால் வில்லையை வெளியே எடுத்தார். ஓரம்கூட மழுங்கவில்லை. உலர்த்தி, சூடாக்கி, மறுபடியும் அளந்தார்.

"காலையில சொன்ன அதே அளவுதான் சார்."

பொறியாளர் தன் பையிலிருந்து மீட்டரை எடுக்கப் போனார். வரதராஜன் அவர் கையைத் தொட்டுத் தடுத்தார்.

"வேண்டாம்ப்பா. உள்ள வை."

பிறகு தாமோதரன் பக்கம் திரும்பினார்.

"மருத்துவமனைக்கு இதுவே போகட்டும். ரீடிங் குறைஞ்சா வில்லையைக் கூடுதலா அடுக்கிக்கலாம். கரைஞ்சு போச்சுன்னா அங்க படுத்திருக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

கார் வாசலைத் தாண்டும்வரை தாமோதரன் நிமிர்ந்து நின்றார். சூளைக்கு முன்னால் நின்ற நாட்களில்கூட அவர் அப்படி நின்றதில்லை. உள்ளே வந்ததும் கேட்டார்.

"ஒண்ணு புரியல மேடம். இவ்வளவு தூரம் மீட்டரோட வந்தவங்க, ஏன் தாங்களே அளந்து பார்க்கல?"

ரெஜினா பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க ஆள் எப்படின்னு போன்ல கேட்டாங்க. அவர் ஒரு அளவு சொன்னா நீங்க திருப்பி அளக்க வேண்டியதில்லைன்னு சொன்னேன்."

"எப்ப கேட்டாங்க? நேத்து சாயங்காலமா?"

"இல்ல. நேத்து காலையில, நான் அடுப்புல தண்ணி வைக்கிறதுக்கு முன்னாடியே."