மெயினைக் கெடுத்தது யார்?

கோவையில் பஸ் டிக்கெட் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே மேனேஜர் கஜபதி வைத்ததுதான் சட்டம்.

"அவங்கவங்க தனிக் காப்பியில, அதான் பிராஞ்ச்ல, செஞ்சு, சரிபார்த்து அப்புறம் சேர்க்கணுமா? இதென்ன பள்ளிக்கூடமா? எல்லாரும் நேரா மெயின் காப்பியிலயே போடுங்க!" என்பார்.

வாடிக்கையாளர் பார்க்க வரும் நாளும் வந்தது. காலையில் திறந்தால் திரை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

கஜபதியின் விரல் புதிதாகச் சேர்ந்த மங்கை பக்கம் நீண்டது.

"உன் வேலைதானே இது? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

மங்கை பணிவாகக் கேட்டாள்.

"சார், நேத்து ஓடின காப்பியில ஒவ்வொருத்தர் மாத்தினதையும் ஒண்ணொண்ணா சேர்க்கிறேன். யாரோடதைச் சேர்த்ததும் திரை வெளுக்குதோ, அவங்களை என்ன செய்யறது?"

"யாரா இருந்தாலும் உடனே வீட்டுக்கு!" என்று ஆபீஸே கேட்க முழங்கினார் கஜபதி.

மங்கை தன்னுடையதைச் சேர்த்தாள், டிக்கெட் வந்தது. பக்கத்து சீட் ஸ்டீபனுடையதைச் சேர்த்தாள், அப்போதும் வந்தது. கடைசியாக, முதல் பக்கத்துக்கென்று கஜபதி போட்டிருந்த, சால்வை போர்த்திய அவருடைய போட்டோவைச் சேர்த்தாள். திரை பளிச்சென்று வெளுத்தது.

ஆபீஸே கஜபதி பக்கம் திரும்பியது.

"சார், ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றாள் மங்கை.

ஸ்டீபன்தான் முதலில் சிரித்தான். கஜபதி கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"அந்த பிராஞ்ச், சரிபார்ப்பு... அதையே வச்சுக்கலாம்மா."

போட்டோவை எடுத்ததும் டிக்கெட் மறுபடி வந்தது, வாடிக்கையாளரும் மகிழ்ந்தார். இன்று அங்கே எல்லாருடைய வேலையும் மங்கை சரிபார்த்த பிறகுதான் மெயினில் சேர்கிறது.

கஜபதியின் போட்டோவை மட்டும் அவள் இன்னும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறாள்.